ஐப்பசி மழையில் மலையில் கூடாரம்: திருகோணமலையிலிருந்து முதல்முறை போகிறவர்களுக்கு

மழைக்குப் பயந்தவர்கள் இல்லை நாங்கள். கச்சான் காற்று ஓய்ந்து மாரி தொடங்கிவிட்டால் முழங்கால் தண்ணீரில் சைக்கிள் உருட்டித்தான் பள்ளிக்கூடம் போனோம். அந்தத் தைரியத்தில், தீபாவளியை ஒட்டி நாலு நாள் லீவு கிடைத்ததும் நண்பர்கள் சேர்ந்து மலைக்குப் போய்க் கூடாரம் அடிப்போம் என்று கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் ஊர் மழை சூடான மழை. நனைந்தால் வீட்டுக்கு வந்து துவாயால் தலையைத் துடைத்து, சாரத்தை மாற்றினால் சரி. மலையில் அந்த வீடு இல்லை. நனைந்த உடம்போடு இரவு முழுக்கக் காற்றில் கிடக்க வேண்டும்.

அதனால் கீழே சொல்கிற எல்லாமே இரண்டு காரியங்களைச் சுற்றித்தான். பகலில் எவ்வளவு நனைந்தாலும் படுக்கும்போது ஆள் காய்ந்திருக்க வேண்டும். படுக்கிற இடம் மண் சரியாத, வெள்ளம் ஏறாத இடமாக இருக்க வேண்டும். சமையல், படம் எடுப்பது, கரோக்கே பெட்டி எல்லாம் அதற்குப் பிறகு.

1. இடத்தை முடிவு செய்தல்

திருகோணமலையிலிருந்து போகச் சுலபமான மலை நக்கிள்ஸ் தொடர்தான். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை, பிறகு ரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டன். நுவரெலியா வரை இழுக்கத் தேவையில்லை. ஹோர்ட்டன் சமவெளி முதல் பயணத்துக்கு வேண்டாம். அங்கே குளிர் வேறு தரம், விதிகளும் கடுமை.

நக்கிள்ஸ் 2010இல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமைப் பகுதிக்குள் சேர்க்கப்பட்டது. காடு வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் கையில் இருக்கிறது. நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது. காட்டுக்குள் தங்குவதென்றால் அவர்களிடம் முன்கூட்டி அனுமதி எடுத்து, அவர்கள் காட்டும் இடத்தில்தான் தங்க வேண்டும். முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது வேறு: காட்டு எல்லைக்கு வெளியே, ஊர்க்காரர் தங்கள் காணியில் கூடாரம் அடிக்க இடம் கொடுப்பார்கள், அப்படி ஓர் இடத்தைப் பிடியுங்கள். கழிப்பறை இருக்கும். மழை மிஞ்சினால் ஓடி ஏற ஒரு கூரை இருக்கும். அந்தக் கூரைக்குத்தான் காசு கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரிவர்ஸ்டன் உச்சி, தொலைத்தொடர்புக் கோபுரம் நிற்கும் பக்கம், பார்க்க மட்டும். ஆளைத் தள்ளுகிற காற்று அடிக்கும். அங்கே கூடாரம் நிற்காது. உச்சியைத் தாண்டி இலுக்கும்புர பக்கம் இறங்கினால் உயரமும் குறையும், குளிரும் குறையும். ஒரே வீதியில் சில கிலோமீற்றருக்குள் மேற்கே மூடுபனியும் கிழக்கே வெயிலுமாக இருப்பதை அங்கே பலமுறை பார்க்கலாம். ஐப்பசியில் இரண்டு பக்கமும் மழை பெய்யும். மார்கழி பிறந்து வடகீழ்ப் பருவமழை பிடித்துவிட்டால் கிழக்குப் பக்கம்தான் கூடுதலாக வாங்கிக் கட்டும். அப்போது போக வேண்டாம்.

2. நாள் பார்த்தல்

சோதிடர் பார்க்கிற நாள் இல்லை, வானிலை பார்க்கிற நாள். ஒக்டோபரும் நவம்பரும் இரண்டு பருவமழைக்கும் இடைப்பட்ட காலம். காலையில் வானம் வெளித்திருக்கும், பகல் இரண்டு மணிக்குப் பிறகு இடியோடு கொட்டும். இது வழக்கமான ஐப்பசி, இதைச் சமாளிக்கலாம். வங்கக் கடலில் தாழமுக்கம் உருவானால் கதை வேறு. அது நாள் கணக்கில் பெய்யும்.

2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் நம்முடைய கிழக்குக் கரையால் ஏறி மலைநாட்டைக் கிழித்துப் போட்டது. கண்டி, பதுளை, நுவரெலியா, மாத்தளை மாவட்டங்களில் மண் சரிந்து ஊர்களே போயின. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் தோட்ட லயன்களை மண் மூடியது 2014 ஒக்டோபர் 29. அதுவும் இதே காலம்தான். ஆகவே புறப்படும் முன் மூன்று நாள் இரண்டு இடங்களைப் பாருங்கள்: வளிமண்டலவியல் திணைக்களத்தின் முன்னறிவிப்பு, தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை. எச்சரிக்கை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று படிப்படியாக வரும், பிரதேச செயலகப் பிரிவின் பெயரோடு. ரத்தோட்டை, லக்கல என்ற பெயர்கள் மஞ்சளில் வந்தாலே பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். மஞ்சள்தானே, பார்த்துக்கொள்வோம் என்று ஒருத்தன் கட்டாயம் சொல்வான். வான்காரருக்குக் கொடுத்த முற்பணம் போனால் போகட்டும்.

இடம் கொடுக்கிற ஊர்க்காரருக்கும் ஒரு அழைப்பு எடுங்கள். 'ரெண்டு நாளா மழை எப்படி? வீதி திறந்திருக்கா?' இந்த இரண்டு கேள்வி போதும். மண் ஏற்கெனவே ஊறியிருந்தால் சின்ன மழையும் பெரிய வேலை செய்யும். செல்போன் செயலிகள் இதைச் சொல்லித்தராது.

இன்னொரு விஷயம், கந்தசஷ்டி. கூட்டத்தில் விரதகாரர் இருந்தால் அந்த ஆறு நாளையும் விட்டுவிட்டுத் திகதி வையுங்கள்.

3. ஆட்களும் வண்டியும்

ஆறு பேர் நல்ல அளவு. பத்துக்கு மேல் போனால் அது சுற்றுலா. மழையில் ஒருத்தரையொருத்தர் தேடவே நேரம் போய்விடும். ஒருவரையாவது சிங்களம் தடையில்லாமல் பேசுகிறவராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். திருகோணமலையில் அப்படி ஆள் கிடைப்பது கஷ்டமில்லை.

மோட்டார் சைக்கிளில் போகும் யோசனையைக் கைவிடுங்கள். ரத்தோட்டையிலிருந்து ஏறும் வீதி ஒடுக்கம், வளைவுகள் கூட, மழையில் பாசியும் சேறும், அதன் மேல் மூடுபனி. மலை வீதி ஓடிப் பழகிய சாரதியோடு ஒரு வான் பிடிப்பதுதான் நல்லது. பஸ்ஸில் என்றால் கண்டி பஸ்ஸில் ஏறி மாத்தளையில் இறங்கி மாற வேண்டும். அங்கிருந்து மலைக்கு மேல் போகும் பஸ்கள் குறைவு, நேரத்தை முதலே கேட்டுக்கொள்ளுங்கள்.

விடியப்புறம் ஐந்து மணிக்குப் புறப்படுங்கள். அதற்கு முன் வேண்டாம்; கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் யானை வீதியில் நிற்கும், வெளிச்சம் வந்த பிறகு அந்த இடத்தைக் கடப்பதே நல்லது. ஐந்துக்குப் புறப்பட்டால் முற்பகலில் மலையில் நிற்கலாம், பகல் ஒரு மணிக்குள் கூடாரம் எழும்பிவிடும். இரண்டு மணிக்கு இடி தொடங்கும் என்று சொன்னேனே, கணக்கு அதுதான். நேரம் பிந்தி, கொட்டுகிற மழையில் கூடாரம் அடிக்கத் தொடங்கினால் உள்ளே முதல் நனைவது நீங்கள் படுக்கப்போகும் தரை.

4. கூடாரம்

வாங்குவதானாலும் வாடகைக்கு எடுப்பதானாலும் இரட்டைச் சீலை உள்ளதா என்று பாருங்கள். உள்ளே வலைத்துணி, வெளியே தனியாக மழைச் சீலை, அது நிலம் வரைக்கும் இறங்க வேண்டும். தலையில் தொப்பி வைத்ததுபோல உச்சியை மட்டும் மூடுகிற மலிவுக் கூடாரம் கடற்கரைக்குச் சரி, மலைக்கு உதவாது. சீலையின் தண்ணீர் தாங்கும் அளவு மில்லிமீற்றரில் எழுதியிருக்கும். 2000க்குக் குறையாமல் எடுங்கள், 3000 என்றால் நிம்மதி. நாலு பேருக்கு என்று போட்டிருந்தால் பைகளோடு இரண்டு பேருக்குச் சௌகரியம், மூன்று பேர் நெருக்கி.

போவதற்கு முன் வீட்டு வளவில் ஒருமுறை அடித்துப் பாருங்கள். உப்புவெளிக் கடற்கரையில் ஒத்திகை பார்க்காதீர்கள். மணலில் முளை நிற்கிற விதம் வேறு, கூடாரத்துக்குள் போகிற மணலும் உங்களோடு மலைக்கு வரும். அடித்து முடித்த பிறகு தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயால் கால் மணி நேரம் மேலே அடியுங்கள். எந்தத் தையலில் கசிகிறதோ அதற்குத் தையல் பசை பூசிக் காயவிடுங்கள். வாடகைக் கூடாரமென்றால் இந்தச் சோதனை இரட்டிப்புக் கட்டாயம். கம்பி முறிந்தது, முளை குறைந்தது எல்லாம் அப்போதுதான் தெரியும்.

இதோடு இரண்டு தறப்பாள். ஒன்று கூடாரத்துக்கு அடியில், ஒன்று வெளியே பந்தலாக. அடியில் விரிப்பது கூடாரத்தின் தரையைவிட நாலு பக்கமும் கொஞ்சம் சிறிதாக மடிந்திருக்க வேண்டும். வெளியே ஒரு சாண் நீட்டிக்கொண்டு நின்றால் சீலையில் வழியும் மழையை வாங்கி நேரே உங்கள் முதுகுக்கு அடியில் கொண்டுபோய்ச் சேர்க்கும். புதியவர்களின் கூடாரத்துக்குள் தண்ணீர் வந்ததென்றால் முதலில் இதைத்தான் பார்ப்பேன். பந்தல் தறப்பாளை ஒரு பக்கம் தாழ்த்திக் கட்டுங்கள். மட்டமாகக் கட்டினால் நடுவில் குளம் தேங்கும். மீன்பிடிச் சாமான் கடையில் நைலோன் கயிறு இருபது முப்பது மீற்றர் வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டத்தில் கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளை இருந்தால் முடிச்சுப் போடும் வேலையை அவனிடமே விட்டுவிடுங்கள்.

5. உடுப்பும் படுக்கையும்

ரிவர்ஸ்டன் உச்சி ஏறத்தாழ 1,400 மீற்றர். ஆயிரம் மீற்றர் ஏறினால் ஆறு பாகை அளவு குறையும் என்று கணக்கு வைத்தால், ஊரில் 24 பாகை இரவாக இருக்கும்போது மேலே 15, 16. கேட்கச் சின்ன எண். ஈரச் சேட்டும் காற்றும் சேர்ந்தால் பல் அடிக்கும்.

உடுப்பை இரண்டாகப் பிரியுங்கள்: நனைகிறதற்கு ஒரு தொகுதி, இரவுக்கு ஒரு தொகுதி. நனைகிறதற்குப் பந்து விளையாடும் ஜேர்சியும் அரைக் களிசானும் நல்லது. பிழிந்து உதறினால் ஒரு மணி நேரத்தில் பாதி காய்ந்துவிடும். டெனிம் வேண்டவே வேண்டாம். நனைந்தால் இரண்டு கிலோ கனக்கும், திரும்பி ஊருக்கு வரும்வரை காயாது. இரவுத் தொகுதியில் நீளக்கை உடுப்பு, சுவெட்டர், நீளக் களிசான், கம்பளித் தொப்பி, இரண்டு சோடி சொக்ஸ். இதைத் தடித்த பொலித்தீன் பையில் போட்டு வாயை முறுக்கிக் கட்டுங்கள். படுக்கப் போகும் முன், கூடாரத்துக்குள் போன பிறகுதான் அவிழ்க்க வேண்டும். 'கொஞ்சம் குளிருது' என்று மாலை ஐந்து மணிக்கு அந்தச் சுவெட்டரைப் போட்டுக்கொண்டு விறகு பொறுக்கப் போகிறவன் இரவில் அடுத்தவனின் போர்வையை இழுப்பான். காலையில் நடக்க மறுபடியும் அந்த ஈர ஜேர்சியைத்தான் போட வேண்டும். பிடிக்காது, ஐந்து நிமிடம் நடந்தால் பழகிவிடும்.

பையின் மேல் மாட்டும் மழை உறையை மட்டும் நம்பாதீர்கள். முதுகுப் பக்கத்தால் தண்ணீர் உள்ளே போகும். பையின் உள்ளே பெரிய குப்பைப் பையை விரித்து அதற்குள் சாமானை அடுக்குங்கள்.

குளிர் மேலிருந்து வருவதைவிட நிலத்திலிருந்துதான் கூட வரும். வீட்டுப் பன்பாய் ஈரத்தைக் குடித்துவிடும். உடற்பயிற்சிக்கு விரிக்கும் நுரைப் பாய் ஆளுக்கொன்று எடுங்கள். தூங்கும் பை இல்லாவிட்டால் இரண்டு போர்வை.

காலுக்கு, பிடிப்புள்ள அடியோடு சப்பாத்து. செருப்பு கூடார வாசலுக்கு மட்டும்.

6. அட்டை

மழைக் காலத்தில் நக்கிள்ஸில் அட்டை இல்லாத பாதை இல்லை. பயப்பட ஒன்றுமில்லை, நோய் எதுவும் தந்துவிட்டுப் போகாது, ஆனால் முதல்முறை பார்க்கிறவர்கள் துள்ளுகிற துள்ளலில் சறுக்கி விழுவதுதான் உண்மையான காயம். முழங்கால் வரை ஏறும் நெருக்கமான துணியில் அட்டைக் காலுறை தைத்தோ வாங்கியோ போடுங்கள், களிசானை அதற்குள் சொருகுங்கள். காலுறையில் சவர்க்காரத்தை ஈரமாகத் தேய்த்துவிடலாம்; சிலர் சித்தாலேப தைலம் பூசுவார்கள். மழையில் இரண்டும் கழுவுப்படும், திரும்பப் பூச வேண்டும். கடித்துவிட்டால் நகத்தால் அதன் வாயோரத்தைத் தள்ளி எடுங்கள். நெருப்பு வைக்க வேண்டாம். இரத்தம் கொஞ்ச நேரம் நிற்காமல் வரும், கழுவி அழுத்திப் பிடித்தால் போதும். கூடாரத்துக்குள் ஏறும் முன் ஒருத்தர் காலை ஒருத்தர் ரோச் அடித்துப் பாருங்கள். சப்பாத்தை வெளியே வைத்தால் காலையில் உதறிவிட்டுப் போடுங்கள்.

7. இடம் தெரிந்து அடித்தல்

காணிக்காரர் இடம் காட்டினாலும் நீங்களும் சுற்றிப் பாருங்கள். ஆறு தெரியவேண்டும் என்று ஓரத்தில் அடிக்கக் கேட்பார்கள், கூடாது. நீங்கள் நிற்கிற இடத்தில் வெயில் எறித்தாலும் மேலே மலையில் பெய்தால் ஓடை பத்து நிமிடத்தில் ஏறும். தண்ணீர் கலங்குவது, சருகும் குச்சியும் மிதந்து வருவது, இரைச்சல் மாறுவது, இதில் எதைக் கண்டாலும் சாமானை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறுங்கள். குளிப்பதும் அப்படித்தான், காலையில் மட்டும், கண் மேலே ஓடை வரும் பக்கம்.

செங்குத்தாக வெட்டிய மண் சுவருக்குக் கீழே வேண்டாம். நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரங்கள், சாய்ந்த கம்பங்கள், முன்பு இல்லாத ஊற்று, இருந்த ஊற்று திடீரென்று சேறாக வருவது: மண் அசைகிறது என்பதற்கு இவை அடையாளம். இரவு இரண்டு மணியானாலும் எழும்பிப் போக வேண்டியதுதான். மேலே பட்ட கொப்பு தொங்குகிற மரத்தடியும் ஆகாது. தனி மரம், மலை முகடு இரண்டும் இடிக்கு ஆபத்து. மின்னலுக்கும் முழக்கத்துக்கும் இடையே விநாடி எண்ணுங்கள். மூன்று விநாடி ஒரு கிலோமீற்றர். முப்பது விநாடிக்குள் முழக்கம் வந்தால் வான் வண்டிக்குள்ளோ வீட்டுக்குள்ளோ போய்விடுங்கள், கடைசி முழக்கத்துக்குப் பிறகு அரை மணி நேரம் வெளியே வர வேண்டாம். கூடாரம் இடியைத் தடுக்காது.

கொஞ்சம் சரிவான, புல் உள்ள மேடு நல்ல இடம். தலை உயரமான பக்கம் இருக்கட்டும். வாசலைக் காற்று அடிக்காத பக்கம் வையுங்கள். முதலில் பந்தல் தறப்பாளைக் கட்டி, அதன் கீழே நின்றுகொண்டு கூடாரத்தை எழுப்பினால் நடுவில் மழை வந்தாலும் தரை நனையாது. காற்று ஓட்டைகளை அடைக்காதீர்கள். அடைத்தால் உங்கள் மூச்சே சீலையில் தண்ணீராகி விடியும்போது முகத்தில் சொட்டும்.

8. சாப்பாடு

முதல் இரவு சமைக்க வேண்டாம். வரும் வழியில் மாத்தளையில் சோற்றுப் பார்சல் கட்டிக்கொள்ளுங்கள். இரண்டாம் நாளுக்கு அரிசியும் பருப்பும் ஒரே சட்டியில், அவித்த முட்டை, கட்டச்சம்பல். நம்முடைய கூட்டங்களில் மரக்கறிக்காரரும் இருப்பார், ஹலால் பார்க்கிறவரும் இருப்பார். பருப்புச் சட்டியைப் பொதுவில் வைத்து, ரின் மீனைத் தனியே திறந்தால் எவருக்கும் மனக்குறை வராது. பாணும் சீனிச்சம்பலும் பழுதாகாது. கச்சான், பேரீச்சம்பழம் சட்டைப் பையில். கருவாட்டை விட்டுவிடுங்கள், வாசத்துக்குப் பன்றியும் நாயும் இரவில் வரும்.

சின்னக் கேஸ் அடுப்புத்தான் நம்பிக்கை. மலை விறகு அந்த மாதத்தில் பற்றாது. காணிக்காரர் நெருப்பு மூட்டச் சம்மதித்தால், ஊரிலிருந்தே காய்ந்த பொச்சுமட்டையும் சிரட்டையும் ஒரு பையில் கொண்டு போங்கள். மாத்தளைப் பக்கம் மழையில் காய்ந்த பொச்சுத் தேடி அலைய முடியாது. கூடாரத்துக்குள் அடுப்போ தணலோ வைக்கவே கூடாது. அதிலிருந்து வரும், கண்ணுக்குத் தெரியாத நச்சு வாயு தூக்கத்திலேயே கொல்லும். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். இஞ்சி போட்ட கொத்தமல்லித் தண்ணி ஒரு போத்தல், சீனி கூடப் போட்டு, இரவுக்கு இருக்கட்டும்.

ஒருத்தருக்கு நடுக்கம் நிற்காமல், பேச்சுக் குழறி, கால் தடுமாறினால் உடம்புச் சூடு இறங்குகிறது. ஈர உடுப்பைக் கழற்றி, காய்ந்ததைப் போட்டு, போர்வைக்குள் இரண்டு பேருக்கு நடுவில் படுக்க வைத்து, இனிப்பான சூட்டுத் தண்ணீர் கொடுங்கள். சாராயம் சூடு தருவதுபோல் தெரியும், உண்மையில் சூட்டை வெளியே விடும். மாறாவிட்டால் 1990க்கு எடுத்தால் அம்புலன்ஸ் வரும். அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. சிக்னல் எல்லா இடத்திலும் கிடையாது. வந்த உடனே எந்த மூலையில் நின்றால் போன் பிடிக்கிறது என்று பார்த்து வையுங்கள். எங்கே தங்குகிறீர்கள், எத்தனை மணிக்கு ஊர் திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.

9. திரும்புவது

பகல் பன்னிரண்டுக்குள் மலையை விட்டு இறங்குங்கள், இருட்டுமுன் ஹபரணை யானைப் பகுதியைக் கடக்கலாம். குப்பை முழுவதும் உங்களோடு ஊருக்கு வரட்டும். கூடாரத்தை ஈரமாகச் சுருட்டித்தான் கொண்டுவர வேண்டியிருக்கும். அன்றிரவே விறாந்தையில் கொடி கட்டித் தொங்கவிடுங்கள். ஊரிலும் மாரி என்பதால் காய இரண்டு மூன்று நாள் எடுக்கும், அப்படியே மூலையில் போட்டால் பூஞ்சணம் பிடித்துச் சீலை நாறும். விரிக்கும்போது மடிப்புக்குள்ளிருந்து ஓர் அட்டை வரக்கூடும், உப்புத் தூள் கையில் இருக்கட்டும்.

அடுத்த இரண்டு மூன்று வாரத்துக்குள் கடும் காய்ச்சல், கெண்டைக்கால் தசைநோ, கண் சிவப்பு என்று எது வந்தாலும் பனடோல் போட்டுக்கொண்டு இருக்காமல் மருத்துவரிடம் போங்கள். சேற்றிலும் ஓடையிலும் இறங்கியதை அவரிடம் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலா என்று பார்க்க அவருக்கு அது தெரிய வேண்டும்.